வாடகை அரங்கும் பள்ளிவாசல் முற்றமும்
ட்ரான்ஸ்வால் இந்தியர் வரலாற்றில் ஓர் ஏடு



ஒரு மஹல்லாவின் கணக்கு அறிக்கையில் 'மண்டப வாடகை' என்பது பெரும்பாலும் ஒரே வரியில் முடிந்துவிடுகிறது. வரவுப் பக்கத்தில் ஒரு தொகை. செலவுப் பக்கத்தில் மின்கட்டணமும், பாத்திர பண்டங்களின் பழுதுபார்ப்பும், காவலாளியின் சம்பளமும். நிக்காஹ், வலீமா, காதணி விழா, பள்ளி ஆண்டுவிழா, இரத்ததான முகாம், வணிகர் சங்கக் கூட்டம் என ஆண்டு முழுவதும் எத்தனையோ பேர் வந்து, வாடகை செலுத்தி, சில மணி நேரம் அவ்விடத்தைத் தமதாக்கிக்கொண்டு, பின் பூட்டி ஒப்படைத்துச் செல்கின்றனர். அவற்றுள் எது வரலாறாகும் என்று வாடகைச் சீட்டு எழுதுபவருக்குத் தெரியாது. எழுதி வாங்குபவருக்கும் தெரியாது. இவ்வாறு வாடகைக்குப் பிடித்த ஓர் அரங்கில், ஒரே பிற்பகலில் நடந்தேறிய ஒரு கூட்டத்தின் வரலாற்றை இவ்வாண்டு மலரில் நினைவுகூர விரும்புகிறோம். இடம் தென்னாப்பிரிக்காவின் ஜோஹன்னஸ்பர்க் நகரம். நாள் 1906 செப்டம்பர் 11.

அக்கூட்டத்தைப் பற்றிப் பள்ளிப் பாடநூல்களில் ஓரிரு வரிகள் உண்டு. சத்தியாக்கிரகம் பிறந்த நாள் அது என்பர். அது யார் தலைமையில் நடந்தது, அங்கே முதன்முதலாக இறைவன் பெயரால் உறுதிமொழி எடுக்கச் சொன்னவர் யார், அவர்கள் ஏன் ஒரு நாடகக் கொட்டகையைத் தேடிச் செல்ல நேர்ந்தது என்பன பாடநூல்களில் இடம்பெறுவது அரிது. மூன்றாவது கேள்வியிலிருந்தே தொடங்குவோம்.

அன்றைய ட்ரான்ஸ்வாலில் இந்தியர்க்குச் சொந்தமாக ஒரு மன்றம் கட்டிக்கொள்வது எளிதாக இருக்கவில்லை. பணம் இல்லாமையால் அன்று. வணிகத்தில் நிலைபெற்ற குஜராத்தி முஸ்லிம்கள் பலர் அங்கிருந்தனர். தடையாக நின்றது சட்டம். போயர் குடியரசு இயற்றிய 1885 ஆம் ஆண்டின் 3 ஆம் சட்டம், ஆசியர் எவரும் அந்நாட்டில் நிலமோ கட்டடமோ தம் பெயரில் வைத்திருக்கலாகாது என்று விதித்தது. அடுத்த ஆண்டு செய்யப்பட்ட திருத்தம், அரசு ஒதுக்கித் தரும் தெருக்களிலும் ஒதுக்குப்புறக் குடியிருப்புகளிலும் மட்டும் சிறு விலக்களித்தது. குடியேறி வணிகம் செய்வோர் 3 பவுன் கட்டிப் பதிந்துகொள்ள வேண்டும் என்பதும் அதே சட்டமே. ஆங்கிலேயர்–போயர் போர் 1902 இல் முடிந்து, பிரிட்டிஷ் கொடி ஏறிய பின்னரும் இச்சட்டம் நீங்கவில்லை. பிரிட்டிஷ் ஆட்சி வந்தால் நீதி கிடைக்கும் என்று நம்பியிருந்த இந்தியர்க்கு இது பெருத்த ஏமாற்றமாயிற்று. பள்ளிவாசல் நிற்கும் நிலத்தைக்கூடத் தங்கள் பெயரில் பதிவு செய்துகொள்ள இயலவில்லையே என்று அங்குள்ள முஸ்லிம்கள் அதிகாரிகளிடம் முறையிட்டுக்கொண்டே இருந்தனர். தொழுவதற்கு இடம் உண்டு, பத்திரம் இல்லை என்ற நிலை அது. வக்ஃபுச் சொத்துகளின் பத்திரங்களைத் தேடி அலுவலகம் அலுவலகமாக அலைந்தவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள்; அவர்களுக்கு இதன் வேதனை விளங்கும்.

அண்டைப் பகுதியான நேட்டாலில் நிலைமை வேறு. அங்கே நிலம் வாங்கத் தடை இருக்கவில்லை. ஆகவே டர்பன் நகரின் கிரே தெருவில் 1881 இலேயே நிலம் வாங்கி முஸ்லிம் வணிகர்கள் ஜும்ஆப் பள்ளியை நிறுவ முடிந்தது. அதனைச் சுற்றிக் கடைகள் எழுந்து, அவற்றின் வாடகை பள்ளிக்கு வருவாயாயிற்று. இரண்டு நாடுகள், ஒரே சமுதாயம். ஓரிடத்தில் வாடகை வாங்குபவர், மற்றோரிடத்தில் வாடகை கொடுப்பவர். இடையே நின்றது சட்டத்தின் ஒரு வரிதான்.

இனி 1906 க்கு வருவோம். அவ்வாண்டு ஆகஸ்ட் 22 அன்று ட்ரான்ஸ்வால் அரசிதழில் ஓர் அவசரச் சட்ட முன்வரைவு வெளியாயிற்று. எட்டு வயதும் அதற்கு மேலும் உள்ள ஒவ்வோர் இந்தியரும், ஆண் பெண் குழந்தை என்ற வேறுபாடின்றி, பதிவாளரிடம் சென்று பெயர் பதிந்து, உடல் அடையாளங்களைக் காட்டி, விரல் ரேகை வைத்துச் சான்றிதழ் பெற வேண்டும். கேட்கும்போதெல்லாம் அதனைக் காவலரிடம் காட்ட வேண்டும். காவலர் வீட்டினுள் நுழைந்தும் கேட்கலாம். தவறினால் அபராதம், சிறை, நாடுகடத்தல். விரல் ரேகை வாங்குவது அக்காலத்தில் குற்றவாளிகளிடம் மட்டுமே என்ற எண்ணம் மக்களிடம் வேரூன்றியிருந்தது. பர்தா முறையைப் பேணிய குடும்பங்களின் பெண்கள் அதிகாரியின் முன் நிறுத்தப்படுவர் என்பதும், வீட்டு வாசலைக் காவலர் கடக்கலாம் என்பதும் பெருங்கொந்தளிப்பை உண்டாக்கின. முதலில் கூடிய சிறு கூட்டத்தில் ஒருவர், தம் மனைவியிடம் சான்றிதழ் கேட்க எவரேனும் வந்தால் அங்கேயே சுட்டுவிடுவேன் என்று குமுறியதாகக் காந்தியடிகள் பதிவு செய்துள்ளார். அந்தக் கோபத்தை ஒழுங்குபடுத்தி ஒரு வழியில் செலுத்த வேண்டியிருந்தது. அதற்குப் பொதுக்கூட்டம் தேவை. பொதுக்கூட்டத்திற்கு இடம் தேவை.

அவ்வாண்டுதான் ஹமீதிய்யா இஸ்லாமியச் சங்கம் ஜோஹன்னஸ்பர்க்கில் தோன்றியிருந்தது. உஸ்மானியச் சுல்தான் அப்துல் ஹமீதின் பெயரைத் தாங்கிய அச்சங்கத்தின் கூட்டங்களில் காந்தியடிகளும் உரையாற்றியதுண்டு. ஆனால் மாகாணம் முழுவதிலிருந்தும் பேராளர்கள் வரும் கூட்டத்தைச் சங்க அறையில் நடத்த இயலாது. எனவே 'எம்பயர்' என்னும் பழைய நாடக அரங்கத்தை எடுத்தனர். வெள்ளையர் ஆடலும் பாடலும் கண்டு களித்த கொட்டகை அது. பேரரசின் பெயரையே சூடியிருந்த அரங்கில், அப்பேரரசின் சட்டத்துக்குக் கீழ்ப்படிய மாட்டோம் என்று தீர்மானிக்கப் போகிறார்கள்! இப்பெயர்ப் பொருத்தத்தை அவர்கள் தேடிப் போகவில்லை, தற்செயலாக அமைந்ததே.

நாடகக் கொட்டகையின் உரிமையாளர் வாடகைக்கு விடுவதால் அங்கே பேசப்படுவதை அவர் ஏற்றுக்கொண்டார் என்று பொருளாகாது. வாடகை கொடுத்தவர் அக்கொள்கைக்கு உரிமையாளரை இழுத்துவிடவும் இல்லை. குறித்த நேரத்துக்கு அந்த இடம் அவர்களுடையது. நிலமே சொந்தமாகக் கூடாது என்று ஒதுக்கப்பட்ட மக்களுக்கு, அந்தச் சில மணி நேர உரிமை எத்தகையது என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

அன்று ஏறத்தாழ 3,000 பேர் திரண்டனர். ட்ரான்ஸ்வாலில் அப்போது வாழ்ந்த இந்தியர் தொகை சுமார் 13,000 என்பர். அவ்வாறாயின் நான்கில் ஒரு பங்கினர், குழந்தைகளையும் வீட்டுப் பெண்களையும் நீக்கிக் கணக்கிட்டால் அதனினும் மிகுந்த பங்கினர், ஒரே கூரையின் கீழ் இருந்தனர். தரையிலிருந்து கூரை வரை அரங்கம் நிரம்பி வழிந்தது என்று காந்தியடிகள் எழுதுகிறார். ட்ரான்ஸ்வால் பிரிட்டிஷ் இந்தியர் சங்கத்தின் தலைவரான அப்துல் கனி சேட் தலைமை தாங்கினார். முஹம்மத் காசிம் கம்ருத்தீன் என்னும் வணிக நிறுவனத்தின் பங்காளி. ஜோஹன்னஸ்பர்க் கிளையின் பொறுப்பாளர். நெடுநாள் அங்கு வாழ்ந்தவர். உரைகள் பெரும்பாலும் இந்தியிலும் குஜராத்தியிலும் அமைந்தன. அவ்விரு மொழியும் அறியாத தமிழருக்கும் தெலுங்கருக்கும் அவரவர் மொழியில் முழுமையாக விளக்கிச் சொல்ல ஆள்கள் இருந்தனர். இக்குறிப்பைப் படிக்கும்போது நமக்கு மகிழ்ச்சி உண்டாகிறது. தீர்மானத்துக்குக் கை உயர்த்தப் போகிறவர் அதன் சொற்களை விளங்கிக்கொண்டே உயர்த்த வேண்டும் என்ற அக்கறை அன்றைய அமைப்பாளர்களுக்கு இருந்திருக்கிறது. நம் கூட்டங்களில் தீர்மானங்கள் வாசிக்கப்படும் வேகத்தை இங்கே குறிப்பிடாமல் விடுவதே நலம்.

நான்காம் தீர்மானமே முதன்மையானது. எதிர்ப்பையும் மீறிச் சட்டம் நிறைவேறினால், இந்தியர் அதற்குப் பணியமாட்டார்கள். பணியாமையால் வரும் தண்டனைகள் அனைத்தையும் ஏற்பார்கள் என்பது அதன் சாரம். அதனை ஆதரித்துப் பேச எழுந்தவர்களுள் ஹாஜி ஹபீப் சேட் ஒருவர். வயதில் மூத்தவர், அனுபவம் மிக்கவர், உணர்ச்சி பொங்கப் பேசுபவர். இத்தீர்மானத்தை வழக்கமான தீர்மானம் போல் நிறைவேற்றக் கூடாது, இறைவனைச் சாட்சியாக வைத்து நிறைவேற்ற வேண்டும், கோழைத்தனமாக இச்சட்டத்துக்கு ஒருபோதும் அடிபணியக் கூடாது என்று கூறி, அவ்வாறே தாம் உறுதி பூண்டு, மற்றவரையும் உறுதி பூணுமாறு வேண்டினார்.

இதனைச் சற்று நின்று நோக்க வேண்டும். தீர்மானத்தை வரைவதில் பங்கு கொண்ட காந்தியடிகளுக்கே இது எதிர்பாராதது. தாம் முதலில் திடுக்குற்றதாகவும், பின்னரே அதன் முழுப் பொருளும் தமக்கு உறைத்ததாகவும் அவர் எழுதுகிறார். கூட்டத்தில் கையுயர்த்துவது வேறு, இறைவன் பெயரால் வாக்களிப்பது வேறு. முன்னதைப் பெரும்பான்மை கொண்டு மாற்றிக்கொள்ளலாம். பின்னது ஒவ்வொரு மனிதனுக்கும் அவனுடைய இறைவனுக்கும் இடைப்பட்டது. தலைவரிடம் அனுமதி பெற்று எழுந்த அவர், கூட்டத்தாரை உற்சாகப்படுத்தவில்லை, எச்சரித்தார். சிறை செல்ல நேரலாம், இழிவுபடுத்தப்படலாம், பட்டினி கிடக்க நேரலாம், கசையடி படலாம், செல்வம் அனைத்தும் போகலாம், நாடுகடத்தப்படலாம், நோயுறலாம், சிலர் இறக்கவும் கூடும் என்று ஒவ்வொன்றாக எடுத்துரைத்தார். பக்கத்தில் இருப்பவர் செய்கிறார் என்பதற்காக எவரும் உறுதி எடுக்க வேண்டாம். எல்லோரும் விலகிவிட்டாலும் தனித்து நிற்க முடியும் என்ற உள்ளம் உடையவர் மட்டுமே எடுக்கலாம் என்றார். அதன் பின்னரே தலைவர் அப்துல் கனி சேட் பேசி முடிக்க, கூடியிருந்தோர் அனைவரும் எழுந்து நின்று, கை உயர்த்தி, இறைவனைச் சாட்சியாக்கி உறுதி பூண்டனர்.

மறுநாள் ஒரு விந்தை நடந்தது. அந்த எம்பயர் அரங்கம் தீப்பற்றி எரிந்து அழிந்துவிட்டது. தற்செயலான விபத்து. அரங்கம் சாம்பலானது போலவே சட்டமும் சாம்பலாகும், இது நற்சகுனம் என்று நண்பர்கள் வாழ்த்துச் சொன்னார்களாம். தாம் அத்தகைய நிமித்தங்களுக்கு மதிப்பளிப்பதில்லை என்று காந்தியடிகள் முடித்துவிடுகிறார். சகுனம் பார்ப்பதை மார்க்கம் விலக்கியிருப்பதை அறிந்த நாமும் அதற்கு மேல் ஒன்றும் சேர்க்க வேண்டியதில்லை. உண்மையில் சட்டம் அத்தனை எளிதில் சாம்பலாகவும் இல்லை. காந்தியடிகளும், ஹமீதிய்யா சங்கத்தைச் சார்ந்த ஹாஜி வஜீர் அலியும் இலண்டன் சென்று அமைச்சர் எல்ஜின் பிரபுவைச் சந்தித்தனர். அத்தூதுக்குழுவில் நீதியரசர் சையித் அமீர் அலியும் தாதாபாய் நௌரோஜியும் உடனிருந்தனர். அவசரச் சட்டத்துக்கு அரசரின் ஒப்புதல் மறுக்கப்பட்டது. ஆனால் 1907 தொடக்கத்தில் ட்ரான்ஸ்வாலுக்குப் பொறுப்பாட்சி கிடைத்தவுடன், மார்ச்சு மாதத்தில், புதிய சட்டமன்றம் ஏறத்தாழ அதே சட்டத்தை அவசரம் அவசரமாக நிறைவேற்றிவிட்டது. சூலை 1 முதல் அது நடைமுறைக்கு வந்தது.

அப்போதுதான் இடப் பிரச்சினை மீண்டும் தலைதூக்கியது. போராட்டம் தொடங்கிய பின் கூட்டங்களுக்கு வரும் மக்களை எந்தக் கட்டடமும் கொள்ளவில்லை என்று காந்தியடிகளே குறிப்பிடுகிறார். 1907 சூலை 31 அன்று ட்ரான்ஸ்வாலின் தலைநகரான பிரிட்டோரியாவில் நடந்த மாபெரும் கூட்டம் பள்ளிவாசலின் திறந்த முற்றத்தில், வானமே கூரையாக நடைபெற்றது. வாடகை இல்லை, பூட்டு இல்லை, மேடை அலங்காரமும் இல்லை. இந்துக்களும் பார்ஸிகளும் கிறித்தவத் தமிழர்களும் அம்முற்றத்தில் அமர்ந்தனர். அரசின் தூதுவரைப் போல வந்த வெள்ளையர் ஒருவரும் அங்கே பேசினார். வில்லியம் ஹாஸ்கன் என்னும் அச்செல்வர், சட்டமன்ற உறுப்பினர். இந்தியர்பால் நல்லெண்ணம் கொண்டவர். அரசின் வலிமையை எதிர்ப்பது சுவரில் தலையை மோதுவது போலாகும், பணிந்துவிடுங்கள் என்பதே அவர் கொண்டுவந்த செய்தி. அவரை அமைதியாகக் கேட்டனர், மரியாதையுடன் நடத்தினர். நஜ்ரான் நாட்டுக் கிறித்தவத் தூதுக்குழுவை அண்ணல் நபி (ஸல்) அவர்கள் மஸ்ஜிதுந் நபவியில் வரவேற்ற வரலாற்றை அறிந்த சமுதாயத்துக்கு இது புதிதன்று.

ஹாஸ்கனுக்கு மறுமொழியாக அங்கே எழுந்தவர் அஹ்மத் முஹம்மத் கச்சாலியா. அதுவரை பொதுவாழ்வில் அறியப்படாத எளிய வணிகர். தூக்கிலிடப்பட்டாலும் இச்சட்டத்துக்குப் பணியமாட்டேன் என்று இறைவன் மீது ஆணையிட்டு, கையைத் தன் தொண்டைக்கு நேரே ஓட்டிக் காட்டினார். அப்போது காந்தியடிகள்கூட இவர் சொல்வதில் சிறிது ஐயம் கொண்டு புன்முறுவல் பூத்தாராம். பின்னர் அதற்காக வெட்கப்பட்டதாக எழுதியிருக்கிறார். கச்சாலியா சொன்னதைச் செய்து காட்டினார். பின்னாளில் சங்கத் தலைவராகி, வெள்ளை வணிகர்கள் கடனைக் காட்டி நெருக்கியபோது, போராட்டத்தைக் கைவிட மறுத்துத் தம் சரக்கு முழுவதையும் கடன்காரர்களிடம் ஒப்படைத்து நொடித்துப் போகவும் துணிந்தார். கடன் முழுவதும் அடைபட்டது. வணிகத்தில் நாணயம் என்பதற்கு நம் மதரஸாப் பிள்ளைகளுக்குச் சொல்லத் தக்க உதாரணம் இவர். ஏனோ இவர் பெயர் நம் பாடங்களில் இல்லை.

பதிவுக்கான காலக்கெடு பல முறை நீட்டிக்கப்பட்டு 1907 நவம்பர் 30 இல் முடிந்தபோது, பதிவு செய்துகொண்டோர் ஏறத்தாழ 500 பேரே. இடையில் ஓர் உடன்பாடு ஏற்பட்டு, அது முறிந்து, 1908 ஆகஸ்ட் 16 அன்று ஜோஹன்னஸ்பர்க்கின் ஹமீதிய்யா பள்ளிவாசல் திடலில் அடுத்த பெருங்கூட்டம் கூடிற்று. தாமாக முன்வந்து பெற்றிருந்த பதிவுச் சான்றிதழ்களை எரிப்பதற்கான கூட்டம் அது. பெரிய கொப்பரை ஒன்று கொண்டுவரப்பட்டது. இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட சான்றிதழ்கள் அதில் இடப்பட்டு, மண்ணெண்ணெய் ஊற்றப்பட்டது. தலைவர் யூசுஃப் இஸ்மாயில் மியான் தீ வைத்தார். சில மாதங்களுக்கு முன் காந்தியடிகளைத் தாக்கிக் காயப்படுத்திய மீர் ஆலம் என்னும் பட்டாணியர், அக்கூட்டத்தில் தம் பிழையை ஒப்புக்கொள்ள, காந்தியடிகள் அவர் கையைப் பற்றினார். இலண்டன் நாளேட்டின் செய்தியாளர் ஒருவர் இதனை அமெரிக்காவின் பாஸ்டன் தேநீர்க் கிளர்ச்சிக்கு ஒப்பிட்டு எழுதினார். அந்நினைவாக ஒரு கொப்பரைச் சின்னம் பிற்காலத்தில் அப்பள்ளிவாசலின் அருகே எழுப்பப்பட்டது.

இப்போராட்டத்தில் சிறை சென்றோருள் தமிழரின் பங்கு மிகப் பெரிது. மொரிசியஸில் பிறந்து ஜோஹன்னஸ்பர்க்கில் வாழ்ந்த தம்பி நாயுடு, தமிழர் நலச் சங்கத்தின் தலைவர், மீண்டும் மீண்டும் சிறை புகுந்தார். குஜராத்தி முஸ்லிம் வணிகர் தலைமை தாங்கிய மேடைகளும், தமிழ்த் தொழிலாளர் நிரப்பிய சிறைகளும் ஒன்றையொன்று தாங்கி நின்றன.

பொது மன்றம் யாருக்குத் திறக்கிறது என்பதற்கு டர்பன் நகர மன்றத்தின் கதையும் இங்கே சேர வேண்டும். 1896 இல் தாயகம் வந்த காந்தியடிகள், அக்டோபர் 26 அன்று சென்னைப் பச்சையப்பன் மண்டபத்தில் தென்னாப்பிரிக்க இந்தியரின் துயரை எடுத்துரைத்தார். பாலசுந்தரம் என்னும் தமிழ்க் கூலித் தொழிலாளி தம் வெள்ளை எசமானரிடம் அடிபட்டுப் பற்கள் உடைந்து வந்த நிகழ்ச்சி சென்னை மக்களை உலுக்கிற்று. அவர் திரும்பிச் சென்ற 'கூர்லாந்து' கப்பல் தாதா அப்துல்லாஹ் நிறுவனத்துக்குச் சொந்தமானது. அக்கப்பலும் 'நாதேரி'யும் டர்பன் துறைமுகத்துக்கு வெளியே நோய்த்தடை என்ற பெயரில் நிறுத்தி வைக்கப்பட்டிருக்க, இந்தியரைக் கரையிறங்க விடக்கூடாது என்று முழங்குவதற்காக 1897 சனவரி 4 அன்று வெள்ளையர் கூடியது டர்பன் நகர மன்றத்தில்தான். வரி கொடுக்கும் இந்திய வணிகரும் அந்நகரத்தில் இருந்தனர். அவர்களது வரியும் கலந்த நகராட்சியின் மன்றம், அவர்களைத் துரத்துவதற்குத் திறந்துவிடப்பட்டது. அதே மாதம் 13 ஆம் நாள் கரையிறங்கிய காந்தியடிகள் தெருவில் தாக்கப்பட்டதும், காவல் கண்காணிப்பாளரின் மனைவியார் குடை விரித்துக் காத்ததும் பலரும் அறிந்ததே.

பதினேழு ஆண்டுகள் கழிந்தன. பழைய நகர மன்றம் அஞ்சல் நிலையமாகி, 1910 இல் புதிய மன்றம் எழுந்திருந்தது. இந்தியர் நிவாரணச் சட்டம் நிறைவேறி, தாயகம் திரும்ப ஆயத்தமான காந்தியடிகளுக்கு 1914 சூலை 8 அன்று டர்பன் நகர மன்றத்தில் பிரிவுபசாரக் கூட்டம் நடந்தது. தலைமை தாங்கியவர் நகர மேயர். நிலம் வாங்கும் தடையோ, ட்ரான்ஸ்வாலில் மன்றம் கட்டிக்கொள்ள இயலாத நிலையோ அந்த ஆண்டில் நீங்கிவிடவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். நிவாரணச் சட்டம் அவற்றைத் தொடவே இல்லை. ஆகவே ஜோஹன்னஸ்பர்க் நண்பர்கள் விடைகொடுக்க விரும்பியபோதும், எட்டு ஆண்டுகளுக்கு முன் போலவே, பிறருடைய அரங்கில்தான் கூடினர். சூலை 14 அன்று மேசானிக் மன்றத்தில் விருந்து நடைபெற்றது. இந்தியரும் ஐரோப்பியரும் சீனரும் வந்திருந்த அவ்விருந்தில் தம்பி நாயுடு எழுந்து, தாமும் தம் மனைவியும் கொடுப்பதற்குப் பொன்னோ பொருளோ இல்லை என்று கூறி, தம் புதல்வர் நால்வரை இந்தியத் திருநாட்டின் தொண்டுக்காகக் காந்தியடிகளிடம் ஒப்படைத்தார்.